படத்தில் ரைட்டர் கிடையாது

டுமீல்! டுமீல்! டுமீல்!

அடுப்படியில் பொன்னுத்தாயின் கையிலிருந்து கரண்டி நழுவியது. "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா? காவேரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்!"

நல்லதம்பி டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் எழுதும் ரைட்டராகவே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்து வீட்டில் இப்போது அவருக்கு இருக்கும் ஒரே வேலை, எண்பதுகளில் வந்த போலீஸ் படங்களைப் பார்ப்பது. நெற்றியில் சுருள்முடி, இருட்டிலும் கூலிங் கிளாஸ், ஆறு குண்டுத் துப்பாக்கியில் பத்தொன்பது முறை சுடும் இன்ஸ்பெக்டர். அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். சிரிப்பு வந்ததில்லை.

அந்த இன்ஸ்பெக்டர் கமிஷனர் மேஜையில் தொப்பியைக் கழற்றி வீசும் இடத்தில் மட்டும் மரத்த காலில் எறும்பு ஊர்வது போல் நெஞ்சுக்குள் ஏதோ லேசாக அசையும். அதற்காகத்தான் மறுபடி மறுபடி போட்டார்.

"சஸ்பெண்டு ஆனவன் ஜீப்பை எடுத்துக்கிட்டுச் சுத்துறான், கேக்க ஆளில்லையா? இந்தக் கண்றாவியில என்னதாங்க இருக்கு?"

"இதுல ரைட்டரே கிடையாது பொன்னு."

"என்னது?"

"இத்தனை பேரைச் சுடறான். ஒருத்தன்கூட உக்காந்து எழுதறதில்ல. அவன் பாட்டுக்கு டூயட் பாடப் போயிடறான்."

பொன்னுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் படத்தைப் பின்னால் ஓட்டித் தொப்பியை மறுபடி வீச வைத்தார்.

அப்போது போன் அடித்தது. டி.எஸ்.பி. சிவசங்கர். நல்லதம்பி ரைட்டராக இருந்த ஸ்டேஷனில் அன்றைக்கு இன்ஸ்பெக்டர்.

"என்னய்யா ரைட்டரு, பதினோரு மணிக்கு விசாரணை. எழுதினதை அப்படியே சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படம் பாரு. புதுசா ஏதும் ஞாபகம் வந்துடக் கூடாது."

"சரிங்கய்யா."

எழுதியது ஒரே வரி. 'கைதி ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் அடிபட்டது.' கை உடைந்தவனுக்கும் கால் உடைந்தவனுக்கும் எழுதிப் பழகிய வரிதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அரியமங்கலம் பட்டறையிலிருந்து கூட்டிவந்த அறிவுமதி என்ற பையன் விடிவதற்குள் செத்துப்போனபோது, அதில் 'தலையில்' என்ற சொல்லைச் சேர்த்தார். பக்கத்தைப் புரட்டி அடுத்த கேஸை எழுதினார். இன்றைக்கு அவர் ஆமாம் என்றால் வழக்கு முடிந்தது. இல்லை என்றால் சிவசங்கரோடு அவரும் உள்ளே போக வேண்டியதுதான்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காவேரிப் பாலம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அறிவுமதியின் அம்மா வீராயி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கய்யா. உங்க பையனையும் இப்படித்தான் பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா."

"தப்பிச்சீங்க. கூப்பிட ரொம்ப நேரமாக்குவாங்க. காலை நீட்டிக்குங்க."

அவர் காலை நீட்டவில்லை. அவள் இடம் விட்ட அளவுக்குக்கூட உட்காராமல் பெஞ்சின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே விசாரணை அதிகாரி கோப்பைப் புரட்டினார். அரசு வக்கீல் சிரித்த முகத்தோடு ஒரு போட்டோவை நீட்டினார். ஸ்டேஷனுக்கு நாலு வருஷம் முன்பு கட்டிய புதுக் கட்டடம். வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூம், பளபளவென்று.

"ஐயா, சம்பவம் நடந்தன்னிக்கு இந்தப் பாத்ரூம் தரை ஈரமா இருந்துச்சா? ஆமா இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்."

சிவசங்கர் சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் திறந்தே இருந்தது. பெஞ்சில் வீராயி ஒதுக்கிவிட்ட இடம் இன்னும் அப்படியே காலியாக இருந்தது.

நல்லதம்பி போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கழற்றி வீச அவர் தலையில் ஒன்றும் இல்லை. போட்டோவை அதிகாரியின் மேஜைமேல், கோப்பு நகராமல், மெதுவாக வைத்தார்.

"அன்னிக்கு இருந்தது வாடகைக் கட்டடங்கய்யா. அதுல பாத்ரூமே கிடையாது. நாங்க எல்லாரும் எதிர்த்தாப்புல இருக்கற பெட்ரோல் பங்குக்குத்தான் போவோம்."