கை நனையாத சம்மதம்

காங்கேயம் எண்ணெய் மில்காரர் தம்பிதுரை, காலையிலிருந்து இரண்டு கல்யாணங்களில் சாப்பிட்டுவிட்டு மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். முகூர்த்த நாளில் எந்த அழைப்பையும் அவர் தட்டமாட்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பெண்ணின் அப்பா வேலுமணி நம்பிக்கையோடு இலை போட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் கிளம்பினால், அப்புறம் சொல்லி அனுப்புவார்கள். என்ன சொல்லி அனுப்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வேண்டாமுங்க. வயிறு கல்லாட்டம் கெடக்குதுங்க."

"ஒரு வாய் பாயசமாச்சும் குடிங்க."

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க. கேட்டாலே மேல வருது."

வேலுமணியின் முகம் சுருங்கியது. பெண் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லலாமே, வயிற்றின் மேல் எதற்குப் பழி? புதன்கிழமை அவிநாசியிலிருந்து இன்னொரு வரன் வருகிறது. அதையே முடித்துவிடலாம்.

சமையலறையில் இருந்த பெண் வர்ஷினிக்கு எல்லாம் கேட்டது. அவளும் மாப்பிள்ளை அருண்குமாரும் வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். தரகர் மூலம் ஜாதகத்தை அனுப்பவைத்ததே அவள்தான். இன்று முகூர்த்த நாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சிங்காநல்லூரில் ஒரு சீன வைத்தியசாலையில் அவளுக்கு வேலை. கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, டம்ளரோடு கூடத்துக்கு வந்தாள்.

"குடிங்க மாமா."

"என்ன அம்மணி, காப்பியா?"

"முளைகட்டிக் காயவெச்சு வறுத்த பார்லிங்க. சோறும் மாவும் வயித்துல தங்கிப்போச்சுன்னா சீனாவுல இதைத்தான் குடிப்பாங்க."

"சீனாக்காரனுக்கு நம்மூர்ப் பந்தியப் பத்தி என்ன தெரியும்?"

"குடிங்க," என்றார் அவர் மனைவி ராமாமணி. "நாலு டம்ளர் பாயசம் குடிக்கறப்ப யாரைக் கேட்டீங்க?"

குடித்தார். இது கை நனைத்த கணக்கில் வருமா என்று வேலுமணி தன் அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டார்.

"டம்ளரைத்தானே புடிச்சாரு. வராது," என்றார் அண்ணன்.

கால் மணி நேரம் ஆனது. பிறகு தம்பிதுரையிடமிருந்து ஓர் ஏப்பம் புறப்பட்டு, வாசலில் நின்ற கார் டிரைவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"இது வரும்," என்றார் அண்ணன். "ஏப்பம் உட்டாச்சுன்னா உண்டாச்சு."

"அது காலைல உண்ட ஊட்டு ஏப்பமுங்க," என்றார் தம்பிதுரை.

"உட்டது எங்க ஊட்டுலதானுங்களே."

தம்பிதுரை யோசித்தார். வயிறு லேசாகியிருந்தது, மறுக்க மனம் வரவில்லை. தாம்பூலம் மாற்றிக்கொள்ள ராமாமணி வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வர்ஷினி காலி டம்ளரை எடுக்க வந்தாள். அருண்குமார் அவளை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தான்.