முஹய்யோ கூட்டித் தள்ளிய வழி

நவ்ரூஸ் வசந்தப் பண்டிகைக்கு ஆறு நாள் இருக்கையில், பத்து நாள் விடுப்பில் சொந்த ஊரான மர்கிலானுக்குத் திரும்பிய இக்ரோமுக்குத் தன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. தபால்காரர் வந்துபோனார், பால்காரி வந்துபோனாள், பூனைகூட வந்துபோனது. இக்ரோம் கண்ணுக்கு மட்டும் இந்தப் பக்கத்து ஹோஷிம் வீட்டுச் சுவர் முடிந்த கையோடு அந்தப் பக்கத்து ரொட்டிக்காரர் வீட்டுச் சுவர் தொடங்கியது. அவன் மனைவி முஹய்யோ தெருவுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பார்த்தாள். அவள் உள்ளே போனாள், அவன் மூக்கு சுவரில் இடித்தது. இரண்டாம் முறையும் இழுத்ததில் மூக்கு வீங்கியதுதான் மிச்சம்.

காரணம் தெருவுக்கே தெரியும். வெளியூர் கிளம்பிய ஆள் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை அந்த வீட்டில் துடைப்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அவன் திரும்பிவரும் வழியையும் சேர்த்துக் கூட்டியதாகிவிடும். முஹய்யோவுக்கும் இது தெரியாமலில்லை, ஆனால் அவள் கை சும்மா இருக்குமா? போன வருஷம் இக்ரோம் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பியதும், மாமியார் ரிசோலத் பஸ் ஏற்றிவிடப் போயிருந்த நேரத்தில் இவள் முந்தானையைச் செருகினாற்போல் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். படுத்தெழுந்த மெத்தைகள் கொடியில் வெயில் காயும்போதே ஒட்டடை, ஒட்டடை விழுந்த பிறகு ஜன்னல், கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடித்துவிட்டுத் தரை. மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே, வெறுங்கையோடு ஒரு நடைகூடக் கிடையாது. கடைசியில் முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, வாசலையும் தெருமுனைவரை பெருக்கி, அத்தனையையும் கால்வாயில் தள்ளினாள். ஒரு மணி பத்து நிமிஷம். அந்தத் தெருவில் வேறு எந்த மருமகளும் இரண்டரை மணிக்குக் குறைந்து முடித்ததில்லை. ரிசோலத் அந்தப் பெருமையை ஒரு வருஷமாகக் கடைவீதியெல்லாம் சொல்லி மாளவில்லை.

இப்போது அவள் மகன் பக்கத்து ஹோஷிம் வீட்டில் படுத்துக்கொண்டு, பெண்டாட்டியோடு தெருவில் மெத்தை விரித்து டீ குடித்துக்கொண்டிருந்தான். விடுப்பு முடிந்தால் மறுபடி ஒரு வருஷம். ஹோஷிம் வெங்காயத்தின் விலை சொல்வதைப்போலச் சொன்னார், போனது அவன் காலடி மண், அதில் ஒரு பிடி வாசலில் போட்டால் வழி வந்துவிடும் என்று. தெருவே ஆளுக்கொரு கூடை மண்ணைக் கொண்டுவந்து அந்தப் பளிச்சென்ற முற்றத்தில் கொட்டியது. முஹய்யோ பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். எல்லாம் கண்டவர் காலடி மண், ஒன்றும் நடக்கவில்லை. அவன் காலடி மண் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் மானம் போகும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

நவ்ரூஸ் அன்று காலை முற்றத்தில் பெரிய கொப்பரையைச் சுற்றி இருபது பெண்கள், முளைகட்டிய கோதுமைச் சாறு கிண்டிக்கொண்டிருந்தார்கள். ரிசோலத் நூறாவது தடவையாக ஆரம்பித்தாள், மருமகள் பெருக்கிய தரையில் எறும்பு வழுக்கி விழும் என்று. வாசலுக்கு வெளியே இக்ரோம் சுவரைத் தடவித் தடவி நடப்பது முஹய்யோவுக்குத் தெரிந்தது. பாவம், கொப்பரை வாசனை எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, என் சீர்ப்பெட்டிக்கு அடியில நான் கூட்டினதே இல்ல. கல்யாணமான நாலு வருஷத்துல ஒரு தடவகூட."

கொப்பரை கிண்டுவது நின்றது. பெட்டிமேல் இருபத்திரண்டு மெத்தை, அதை இறக்கி ஏற்ற அரைமணி ஆகும், அந்த அரைமணியை மிச்சம் பிடித்துத்தான் பேர் வாங்கினேன் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். பெண்கள் கைமாற்றி மெத்தைகளை இறக்கினார்கள், பெட்டியை நகர்த்தினார்கள். விரல் பருமனுக்குத் தூசி, ஒற்றைக் கம்மல், இரண்டு வாதுமைக் கொட்டை. தூசிக்கு அடியில், கல்யாணத்தன்று பெட்டியை இறக்கி வைத்த இக்ரோமின் சுண்ணாம்பு படிந்த பூட்ஸ் தடம் நான்கு. முஹய்யோ வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகக் கூட்டினாள். முறத்தில் அள்ளிக் கொண்டுபோய் வாசற்படியில் கொட்டினாள்.

இக்ரோம் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இந்தக் கதவுக்கு எப்ப பச்சை அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே படியேறி உள்ளே வந்தான்.

எல்லோரும் ரிசோலத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மகனைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"என்னை என்னடி பாக்கிறீங்க? என் பெட்டிக்கு அடியில முப்பத்தோரு வருஷத் தூசி கிடக்கு."

அதற்குப்பின் கொப்பரையைச் சுற்றி மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகத் தங்கள் கணக்கைச் சொன்னார்கள், அதிகபட்சம் நாற்பத்தாறு வருஷம். இப்போதும் முஹய்யோ ஒரு மணி பத்து நிமிஷத்தில்தான் வீட்டை முடிக்கிறாள். இக்ரோம் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியை நகர்த்தி, சுண்ணாம்பு பூட்ஸோடு அந்த இடத்தில் நாலு அடி நடந்துவிட்டு, மெத்தைகளை ஏற்றி வைத்துவிட்டுப் போகிறான்.