பத்தொன்பதாம் எண் ஸ்பானர்

காலை எட்டரைக்குக் கனகவல்லி பலகையிலிருந்த கருவிகளை எண்ணி முடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு. கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் தப்பு. பத்தொன்பதாம் ஆணியில் தொங்கிய சின்ன ஸ்பானர் முகாமுடையதே அல்ல என்பது அவளுக்கும் தம்பி அப்பாதுரைக்கும் மட்டும்தான் தெரியும்.

தாம்பரத்து விமானப்படைப் பயிற்சிக் கொட்டகையில் கருவி அறை அவள் பொறுப்பு. அங்கே ஒரு பழைய ஜெட் விமானத்தைக் கழற்றி மாட்டித்தான் பயிற்சி. பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் கறுப்புப் பெயின்ட்டில் வரைந்திருக்கும். எடுக்கிறவர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாலையில் ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. எஞ்சின் பக்கத்தில் மறந்துவிட்ட ஒரு ஸ்பானர், எஞ்சின் ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து எரிபொருள் குழாயை அறுத்துவிடும், பிறகு தீதான் என்று பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சார்ஜென்ட் யேசுதாசன் தொண்டை கிழியச் சொல்வார். டோக்கன் மாட்ட மறந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். அவர் மட்டும் டோக்கன் மாட்டுவதில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸ். அவரிடம் போய் டோக்கன் கேட்க யாருக்கு வாய் வரும்? கனகவல்லிக்கு நிச்சயமாக வராது. இங்கே வேலை பார்த்த அவள் கணவன் முனிரத்தினம் செத்தபோது, அந்த வேலையை அவளுக்கு வாங்கித் தர ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர்தான். இன்னும் இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமாகிவிடும். பெருங்களத்தூரில் இரண்டு பெண் பிள்ளைகள் அதை நம்பித்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள்.

பன்னிரண்டு நாள் முன்பு, மாலை மணி அடிக்கப்போகிற நேரத்தில், ஜன்னல் வழியாக அவர் கை நீண்டது. "பத்தொன்பது குடும்மா. ஜெட்டுல ஒரு நட்டு இறுக்கணும்." கொடுத்தாள். அன்று அது திரும்பவில்லை. காலையில் தந்துவிடுவார் என்று நம்பி, பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காலையில் தயங்கித் தயங்கிக் கேட்டால், "அப்பவே குடுத்துட்டேனேம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதனால் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்து, அறையைத் தலைகீழாகப் புரட்டினாள். பிறகு, மறைமலை நகரில் ஃபிட்டராக இருக்கும் அப்பாதுரையிடம் போய் அழுதாள்.

"இன்னாத்துக்குக்கா பேஜாராவுற? அது பறக்காத பிளேனு. படிக்கிறதுக்கு வச்சிகீறாங்க. அதே சைசு நம்ம கைல கீது. நம்பர் பஞ்ச் அடிச்சித் தரேன், மாட்டிட்டுப் பேசாம இரு" என்றான் அவன்.

மாட்டினாள். பேசாமலும் இருந்தாள். பறக்காத விமானம்தானே என்று தினமும் இரண்டு தடவையாவது தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இன்று ஒன்பதரைக்குப் பயிற்சியில் இருந்த ஒருவன் வந்து இருபத்துநாலு காது மூடிகள் கேட்டான். அவள் எடுத்துக்கொண்டே எதற்கு என்று கேட்டாள். "எஞ்சின் ஓட்டிக் காட்டறாங்கக்கா. ஸ்க்வாட்ரன் லீடரே வந்துகினு இருக்காராம்" என்றான். காது மூடிகளை எண்ணியபோது பதினேழில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவன் போனதும் அறையைப் பூட்டினாள். நடக்கத்தான் நினைத்தாள். கால் ஓடியது.

வெளியே வெயிலில் அந்தப் பழைய ஜெட் நின்றது. தரையில் போட்ட சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் பயிற்சியாளர்கள் வரிசையாக நின்றார்கள். இரண்டு பேர் தீயணைப்பானோடு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள், இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள். யேசுதாசன் விமானத்துக்கு முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கையை உயர்த்தப் போனார். அவள் கோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், வேணாம் சார். பலகையில கீறது நம்ம ஸ்பானர் இல்ல. நான் வேற வாங்கி மாட்டினது."

"எது?"

"பத்தொன்பது."

அவர் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள். ஒரு நொடி அந்தக் கை மேலே போவதா கீழே வருவதா என்று நின்றது. பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்து, நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். அப்போது அவளுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

கொட்டகைக்கே மேலதிகாரியான ஸ்க்வாட்ரன் லீடர் தோத்தாத்ரி வந்தார். சத்தம் போடாதவர். அதுதான் பயம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "டோக்கன் இல்லாம யாருக்கும்மா குடுத்த?" என்றார்.

கனகவல்லி யேசுதாசனைப் பார்த்தாள். எனக்குத்தான் என்று அவரே சொல்லிவிடுவார், இதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் விமானத்தின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் பொங்கியது. நாக்கு நுனிவரை அவர் பெயர் வந்தது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த அந்தச் செருப்புக் கால்கள் நினைவுக்கு வந்தன. "தெரியலீங்க சார்" என்றாள்.

"சரி. உன் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். சார்ஜென்ட், திறந்து பாருங்க."

எஞ்சின் மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத் தேடினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றும் இல்லை. இத்தனை நாளாக அது அங்கே இருக்கக் கூடாது என்று வேண்டியவள், இப்போது இருக்க வேண்டும் என்று வேண்டினாள். இருந்தால் உயிர் காத்தவள் என்றாவது பெயர் மிஞ்சும். இல்லையென்றால் பொய்க் கையெழுத்துப் போட்டவள், அவ்வளவுதான்.

கடைசியாக மிஞ்சியது எஞ்சினுக்கு அடியில் ஓர் இடுக்கு. டார்ச் வெளிச்சம் போகாது. ஒரு கை மட்டும் நுழையும். யேசுதாசன் சட்டைக் கையை மடித்துவிட்டு, மண்டியிட்டு, தோள்வரை உள்ளே விட்டார். கன்னம் தகட்டில் அழுந்தியது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தேடினார். இருபத்துநாலு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இரும்பு தகட்டில் உரசும் சத்தம் கேட்டது. அவர் தோள் அசைவது நின்றது. கண் திறந்தது. நேராகக் கனகவல்லியைப் பார்த்தார்.

"என்ன, ஏதாவது இருக்கா?" என்றார் தோத்தாத்ரி.

எடுத்தால் யேசுதாசன் பெயர் கெடும், எடுக்காவிட்டால் அவள் பெயர். அவர் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை தகட்டில் சொட்டியது. கை உள்ளேயே இருந்தது.