வெடித்த தக்காளிக்கு இன்னொரு வாளி

1

இந்தக் கதை என் மாடிப்படியில் கிடைத்தது. கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் செம்பியனும் அவன் மனைவி லோகநாயகியும் மாசியிலிருந்து பேசிக்கொள்வதில்லை. கீழே உட்கார்ந்து கதை எழுதுகிறவளுக்கு இதைவிட வசதி கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மொட்டை மாடித் தொட்டிகளில் தக்காளி காய்த்துக் குலுங்கியது, அவர்கள் காதலைப் போலவே...'

(அடித்துவிட்டேன். எதுவும் குலுங்கவில்லை.)

2

விஷயம் இதுதான். அவனுக்கு வேலை சிதம்பரத்தில். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை, பக்கத்து முதுநகரில். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் சிதம்பரத்தில் வீடு பார்த்துச் சாவியோடு வந்து நின்றான். அன்றோடு பேச்சு போயிற்று. அதற்குமுன் என் கூரைக்கு மேலிருக்கும் தொட்டிகளில் இருவரும் சேர்ந்து நட்ட தக்காளி நாற்று, அதற்குப் பிறகு காய் பிடித்தது. செடிக்கு வீட்டு நிலவரம் தெரியாது.

அவன் விடிகாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவான். அவள் சாயங்காலம் வந்து ஊற்றுவாள். மற்றவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று இருவருக்கும் மனக்குறை.

(தொட்டியில் ஈரம் தெரியாதா என்று கேட்பீர்கள். கோபத்தில் இருப்பவர்கள் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை.)

3

பழுக்கும் நேரத்தில் தண்ணீர் மிஞ்சினால் தக்காளியின் தோல் தாங்காது. காம்பைச் சுற்றி வெடித்தது. இருவருமே கீரப்பாளையம் பக்கம் நெல் விவசாயக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். வயல் வெடித்தால் தண்ணீர் விடு, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் இன்னொரு வாளி ஊற்றினான். அவளும் ஊற்றினாள். இன்னும் வெடித்தது.

இங்கே எழுத்தாளர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்பார்கள். மாடித் தண்ணீர் என் கூரையில் ஓதமாய் இறங்குகிறது. என்னால் ஒதுங்க முடியவில்லை.

4

"லோகா, தெனம் காலையில உன் வீட்டுக்காரரும் ஊத்துறாரு. ரெண்டு பேரும் ஊத்துனா வெடிக்காம என்ன பண்ணும்?" என்றேன்.

"அவுரா ஊத்துறாரு?" அவள் முகம் சட்டென்று தெளிந்தது. எனக்கு நப்பாசை. அடுத்த நொடியே இறுகிவிட்டது. "அப்ப அவுரே பாத்துக்கட்டும்க்கா. எல்லாத்தையும் தனியாதான முடிவு பண்ணுவாரு."

மறுநாள் காலை அவனைப் பிடித்து, அவள் ஊற்றுவதைச் சொன்னேன்.

"அவளா?" என்றான். அவன் முகமும் அதே மாதிரி ஒரு நொடி தெளிந்தது. "சரிக்கா, அவளே பாத்துக்கட்டும். நான் எதுக்கு நடுவுல?"

"போயி ஒரு வார்த்த பேசேன்ப்பா."

"மொதல்ல அவ பேசட்டும்."

இருவரும் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இந்தத் திருப்பம் என் கற்பனை என்றால் பெருமைப்பட்டிருப்பேன். இப்போது ஆத்திரம்தான் வருகிறது. தலையில் ஆளுக்கொரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

5

சித்திரை வெயில். செடிகள் தொங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைக்குச் செம்பியன் வண்டி சொல்லியிருக்கிறான், அவன் சாமான்களுக்கு மட்டும். அவன் போனால் திரும்பமாட்டான், அவளும் கூப்பிடமாட்டாள்.

முடிவு அ: மழை பெய்கிறது. (கடலூரில், சித்திரையில். எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: இருவரும் ஒரே நேரத்தில் வாளியோடு மாடிக்கு வருகிறார்கள். அவன் அவளைப் பார்த்து 'நீ

(இதற்கு மேல் அவன் என்ன சொல்வான் என்று எனக்கு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை, அதனால்தான் வண்டி.)

முடிவு இ: யாருக்கும் தெரியாமல் மூன்றாவது ஆள் ஒருவர் ஊற்றுகிறார். மறுநாள் செடி நிமிர்ந்து நிற்கிறது. செம்பியன்தான் மனமிறங்கி ஊற்றினான் என்று அவள் நினைக்கிறாள். அவள்தான் என்று அவன் நினைக்கிறான். அந்தப் பொய்யில் ஒருவேளை பேச்சு பிறக்கலாம். பிறந்தாலும் அது என் வாளியில் வந்த பேச்சு. என்றைக்காவது தெரிந்துபோனால் இருவரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவார்கள்.

எனக்குப் பொய்யை எழுதத்தான் வருகிறது, ஊற்றக் கை வரவில்லை. இன்று சனிக்கிழமை. வாளியை நிரப்பிப் படியடியில் வைத்திருக்கிறேன். மாடிக் கதவுக்குப் பூட்டு இல்லை. நீங்கள் ஊற்றுவதானால் இலை நனையாமல் ஊற்றுங்கள்.