இழுத்துப் பிடித்த படம்

எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருந்த தையல்காரி, கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து வணக்கம் வைத்தாள். காவலாளிக்கு ஒன்று, தரை துடைக்கிறவளுக்கு ஒன்று, விளக்கு மாற்ற வந்தவருக்கும் ஒன்று.

"அம்மா, அவரு கரண்ட் ஆளு. என் முதுகுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் மகள்.

"லைட் எரிஞ்சாத்தானேடி படம் எடுப்பாங்க? சும்மா இரு."

மகளுக்குப் பதினான்கு வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து ஒரு தோளைத் தூக்கிவிட்டிருந்தது. பாவாடை ஒரு பக்கம் ஏறி நின்றபோதெல்லாம் தன் வெட்டுதான் கோணல் என்று, தாய் ஒரு வருடமாக ஓரத்தைப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறாள். கோணல் துணியில் இல்லை என்று சொன்னது பள்ளிக்கூட டீச்சர். இப்போது இலவச ஆபரேஷனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாலைக்குள் எல்லாப் படமும் டாக்டர் கைக்குப் போகாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு.

நின்று எடுத்தாயிற்று. இடமும் வலமும் வளைந்து எடுத்தாயிற்று. ஸ்கேன் குழாய்க்குள்ளும் போய் வந்தாயிற்று. மிச்சம், படுக்கவைத்து இழுத்துப் பிடித்து எடுப்பது. வளைவு எவ்வளவு நிமிர்ந்து கொடுக்கும் என்பது அதில்தான் தெரியும்.

படம் எடுப்பவருக்கு 'மூச்சுப்பிடி' என்றே பெயர் ஆகிவிட்டது. வேறு வார்த்தை அவர் வாயில் வருவது அபூர்வம். இன்று வந்தது.

"காலை இழுக்கிற ஆள் கையில பூச்செண்டைக் குடுத்து கேட்ல நிறுத்திட்டாங்கம்மா. தானம் குடுத்த பெரியவர் வர்றாராம்."

"நான் இழுக்கறேன் சார். நாள் பூரா துணி இழுக்கற கைதானே."

மகளின் அக்குளுக்குக் கீழே பட்டை போட்டு மேசையோடு கட்டி முடிப்பதற்குள் பெரியவர் வந்துவிட்டார். கூடவே அவர் உதவியாளர், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், போட்டோக்காரர். கதிர் உடம்பில் படாமல் காக்கும் ஈய அங்கிகள் இரண்டைப் பெரியவர் தானம் செய்திருந்தார். நெஞ்சில் பொன்னெழுத்தில் அவர் பெயர். ஒன்றை அவர் மாட்டிக்கொண்டார், மற்றதைக் கண்காணிப்பாளர்.

"ஏழைகளின் பாரத்தை என் தோளில் சுமக்கிறேன்" என்றார் பெரியவர். அங்கி கனத்தது. உதவியாளர் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்.

"ஐயா, கால் பிடிக்கறவங்களுக்கு ஒண்ணு..." என்று தொடங்கிய மூச்சுப்பிடி, கண்காணிப்பாளர் பார்த்த பார்வையில் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கெதுக்கு சார்? புதுசு, அழுக்காயிடும்" என்றாள் தையல்காரி.

போட்டோ முடிந்ததும் எல்லோரும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனார்கள், அங்கிகளும் போயின.

"வலிக்குதும்மா."

"இதோ ஆச்சுடி கண்ணு." உள்பாவாடை வியர்வையில் ஒட்ட, மேசைக் காலில் பாதத்தை ஊன்றி இழுத்தாள்.

"மூச்சைப் பிடி!"

சற்றுப் பொறுத்து மூச்சுப்பிடி சிரித்துக்கொண்டே வந்தார். "நல்லா நிமிருதும்மா. இப்பவே டாக்டருக்கு அனுப்பிடறேன்."

தையல்காரிக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னாள். "போதும்மா, மேசைக்கும் சொல்லிடு" என்றாள் மகள், பட்டையை அவிழ்த்தபடி.

அங்கிகளைத் துடைத்து, பெயர் தெரியும்படி தாழ்வாரத்துக் கண்ணாடி அலமாரியில் மாட்டிக் கண்காணிப்பாளர் பூட்டினார். அடுத்த பிள்ளையின் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார்.

"பயப்படாதீங்கண்ணே" என்றாள் தையல்காரி. "காலை மட்டும் விட்டுடாதீங்க. ரொம்ப நல்லவங்க."