நீல மணல்

நான் ஒல்லி பேசுகிறேன். வயது இருபத்துமூன்று. இருக்கும் இடம், முதலாளி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், அவர் காருக்குள். நான் பேசப் பேச ஃபோனே எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அதற்கு விளங்குவதில்லை, அதனால் பாடப்புத்தகம் மாதிரி பேசுகிறேன். சிரிக்காதே அக்கா.

நேற்று அம்மா ஃபோனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்திருக்கும். அது எங்கள் சார். அம்மா எடுக்காததே நல்லதாகப் போயிற்று. பயப்படாதீர்கள், நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் மயிரிழையில்.

எங்கள் மேடத்துக்கு இரண்டு தோழிகள். ஒருவர் இதே கட்டடத்தில் மேலே இருக்கும் மாடி மேடம். இன்னொருவர் லிஃப்டுக்குள்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத கூலிங்கிளாஸ் மேடம். மூவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. வாரம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி டீ குடிப்பார்கள். டீ ஆறிவிடும், பிள்ளைகளின் பெருமை ஆறாது. "எங்க வீட்டுல புத்தகம் வைக்க இடமே இல்லப்பா, அவ்வளவு படிக்கிறா," என்பார் ஒருவர். "இவன் பாத்ரூம்லகூட படிக்கிறான்," என்பார் அடுத்தவர்.

உண்மை என்னவென்றால், மூன்று பிள்ளைகளுக்கும் எழுத்து கூட்டவே வரவில்லை.

அது எனக்கு மட்டும் தெரியும். தையல்கடைக்கு மேல்மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் தட்டில் நீல மணலைப் பரப்பி, விரலால் எழுத வைத்துப் பழக்குகிறார். முதலில் எங்கள் மேடம் தன் பையனை அங்கே அழைத்துப் போனார். "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. சார்கிட்டகூட. கேட்டா பல் டாக்டர்னு சொல்லு." சரி என்றேன். அடுத்த வாரம் மாடி மேடம் எங்கள் மேடத்திடம் காரை இரவல் கேட்டார். தன் டிரைவருக்கு ஓட்டை வாயாம். ஏறியதும் போகச் சொன்னது அதே தையல்கடை. "யாராவது கேட்டா பல் டாக்டர், என்ன?" அப்புறம் கூலிங்கிளாஸ் மேடம். அவரும் பல் டாக்டர். அந்த மூன்று வாயிலும் பாதிப் பல் விழுந்து கிடக்கிறது அக்கா, இதில் டாக்டருக்கு என்ன வேலை?

மூவருக்கும் கிழமை வேறு. தன் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று மூவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பின்சீட்டில் பிள்ளை தூங்கும், அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். எனக்கே அலுப்பாக இருக்கும்.

பிள்ளைகளின் காலுறையிலிருந்து மணல் கொட்டும். ஒவ்வொரு முறையும் மெஷின் போட்டு உறிஞ்சிவிடுவேன். நேற்று அதற்கு நேரமில்லை. விமானம் சீக்கிரம் வந்துவிட்டது, உடனே வா என்று சார் அழைத்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்து பின்சீட்டில் ஏறியவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"மணல் சார்."

"மணல்னு தெரியுது. நீலமா இருக்கே. மீன் தொட்டில போடுறதுதானே? எந்தக் கடைக்கு லோடு அடிக்கிற என் வண்டில?"

இங்கே என் விசா இவர் ஒருவருக்கு ஓட்ட மட்டும்தான். வெளியே ஒரு நாள் வேலை பார்த்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்குள் நுழைந்தால் டீக் கூட்டம். சார் டிஷ்யூவில் அள்ளி வந்த மணலைக் கண்ணாடி மேஜை நடுவில் வைத்தார். "பாருங்க, மீன் தொட்டி மணல். நம்ம டிரைவரோட சைடு பிசினஸ்."

மூன்று முகமும் வெளுத்தன. மூவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிடாதே என்கிற பார்வை.

மாடி மேடம்தான் பேசினார். "ஆமாங்க, மீன் தொட்டிதான். எங்க சொந்தக்காரங்க வீட்டுல பார்த்திருக்கேன்."

ஒரு வரி சொன்னால் நான் தப்பிவிடுவேன். ஆனால் மூவருக்கும் சரி என்று தலையாட்டியவன் நான்தானே. "வெளி வேலை எதுவும் பாக்கல சார்," என்றேன்.

"அப்ப உங்க வீட்டுலயே கேக்குறேன்," என்று சார் அம்மா நம்பரை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டுப் பொடியன் மணலைக் கண்டதும் மேஜையில் தட்டிப் பரப்பி, விரலால் ஓர் எழுத்தைப் போட்டான்.

மாடி வீட்டுப் பெண் அவன் கையைத் தட்டிவிட்டாள். "மக்கு! மேலேருந்து ஆரம்பிக்கணும்னு டீச்சர் சொன்னாங்கல்ல?"

"எங்க டீச்சரை உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க டீச்சர்டா!"

"தையல்கடை டீச்சரா? எனக்கும் அவங்கதான்," என்றான் கூலிங்கிளாஸ் மேடத்தின் மகன், வாயில் பிஸ்கட்டோடு.

சார் ஃபோனைக் கீழே வைத்தார். பிள்ளைகள் மட்டும் மணலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூலிங்கிளாஸ் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நான் அவர் கண்ணைப் பார்த்தது நேற்றுதான். தூக்கம் தொலைத்து எத்தனையோ நாளான கண்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்றார் சார்.

"நீங்க வீட்டுல இருந்தாத்தானே சொல்றதுக்கு," என்றார் எங்கள் மேடம். கோபமில்லை, சலிப்புதான்.

மூவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. மாடி மேடம் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கல்லு மாதிரி நின்னியா நீ?"

இன்று காலை எங்கள் மேடம் கீழே வந்து, என்றுமில்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் உன்னை அனுப்பிடச் சொல்றாங்கப்பா. எல்லார் வீட்டு விஷயமும் உன்கிட்ட இருக்காம். நான் முடியாதுன்னுட்டேன். வாயைத் திறந்து நீ தப்பிச்சிருக்கலாம், திறக்கல. ஆனா இனிமே எங்கேருந்தாவது ஒரு சொல் கசிஞ்சா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

"சரிங்க மேடம்."

"உங்கம்மா பயந்திருப்பாங்க. சாயங்காலம் நானே பேசுறேன்."

இனி மற்ற இருவரும் எங்கள் காரில் வரமாட்டார்கள். அவரவர் காரிலேயே போகிறார்களாம். ஒரே டீச்சர், ஒரே மாடிப்படி, மூன்று கார். இன்று பொடியனை மட்டும் கூட்டிப் போக வேண்டும்.

மேடம் அழைத்தால் அம்மாவை எடுக்கச் சொல். என் பையன் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, கை தவறிக் கூப்பிட்டீர்கள் என்று நினைத்தோம், அவ்வளவு சொன்னால் போதும். இதைப் படித்ததும் அழித்துவிடு. சித்திக்கு மட்டும் அனுப்பிவிடாதே அக்கா.