மாவட்டத்தில் முதலிடம்

நாரின் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளி, போன வருடம் கல்லூரி நுழைவுத் தேர்வுச் சராசரியில் மாவட்டத்திலேயே கடைசி. அன்றிலிருந்து பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்குத் தினமும் அர்ச்சனைதான். அங்கே வரலாறு சொல்லிக்கொடுத்துத் தொலைக்கிறவன் நான்.

இந்த வருடம் தேர்வுக்கு முந்தைய வாரம், ஆட்டுத் தரகரின் மனைவி புருல்கான் அந்தக் குழுவில் வாய்ஸ் போட்டாள்: "மக்குப் புள்ளைய பெத்தவங்க பரீட்சைக்கு அனுப்பாதீங்க. உங்களால ஊர் மானமே போகுது."

யாருடைய பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. தன் பிள்ளையைத்தான் சொல்கிறாளோ என்று ஒவ்வொருவரும் பயந்து, வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். புருல்கானும் மகனை அனுப்பவில்லை. "ஜுரம்" என்றாள்.

தேர்வு எழுதப் போனவள் ஒரே ஒருத்தி, ஜாஸ்குல். அவள் அம்மா எங்கள் பள்ளியில் தரை துடைக்கிறவள். அவளை அந்தக் குழுவில் யாரும் சேர்த்ததே இல்லை.

ஜாஸ்குல் வாங்கிய மதிப்பெண்தான் பள்ளியின் சராசரி. மாவட்டத்தில் முதலிடம்!

பள்ளியில் ஆடு அடித்து விருந்து வைத்தார்கள். வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் புருல்கான் உட்கார்ந்திருந்தாள். "நான் அன்னிக்குச் சொல்லலேன்னா இது நடந்திருக்குமா?" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவுக்கு ஒத்தாசையாக ஜாஸ்குல் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

புருல்கான் கிண்ணத்தை நீட்டினாள். "நல்லாத்தான் ஊத்துற. பள்ளிக்கூடம்லாம் போறியாடி, இல்ல இதே வேலைதானா?"

ஜாஸ்குல் என்னைப் பார்த்தாள். என் வாய் நிறையக் கறி இருந்தது.